கெர்ட்ரூட் டீச்சர்மேல் நான் எழுதிய புகார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. மார்க்கெட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். மீன்காரர் எனக்குச் சித்தப்பா முறை, இருந்தாலும் பார்ப்பேன். எங்கள் ஊர் குளுவாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாகப் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வயதைக் குறைத்துச் சொல்கிறவர்கள், கூட வந்தவளைத் தங்கை என்கிறவர்கள், அடையாள அட்டை காரில் இருக்கிறது என்று போய்த் திரும்பி வராதவர்கள் என்று எல்லாரையும் பார்த்துப் பார்த்துக் கண் அப்படிப் பழகிவிட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனுஷியின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் பெயர் கெர்ட்ரூட். வயது ஐம்பத்து நான்கு. தமிழச்சி. எங்களுக்கு மாண்டரின் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பாதிக்குமேல் சீனர்கள், அதிலும் வயதானவர்கள். வலி வந்துவிட்டால் அவர்களுக்குத் தெரிந்த கொஞ்சம் மலாயும் மறந்துபோகும். புதிய கட்டடம் திறக்கப் போகிறோம், மாண்டரின் முதல் நிலைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கே அங்கே இடம் என்று நிர்வாகம் அறிவித்தது. மிஸ்டர் டியோ என்பவர் நடத்தும் மொழி நிலையத்தில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள். கீழே டயர் கடை, மேலே வகுப்பு. செவ்வாய், வியாழன் சாயங்காலக் குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் தமிழர்களாக அமைந்துவிட்டோம்.

முதல் நாள் பூப்போட்ட சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாக, கழுத்தில் சின்னச் சிலுவையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்து மேசையைத் துடைத்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற கனகராஜ் அண்ணன், "டீச்சர் எப்பக்கா வருவாங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் துணியை மடித்து வைத்துவிட்டு, மூச்சு விடாமல் ஒரு நிமிடம் மாண்டரினில் பேசினார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். "டீச்சர் வந்துட்டாங்க லா. புத்தகத்த எடுங்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் பேசியது மாண்டரின்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஹொக்கியன் என்கிற வேறொரு சீன மொழியாக இருக்கலாம். சீனர் கடையில் நாலு வருடம் நின்றால் அது யாருக்கும் வரும்.

அன்றைக்கே தன் கதையையும் சொன்னார். சாஆ என்ற ஊருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா டவுனில் ஒரு சீனர் வீட்டில் சமையல் வேலை செய்தார். பிள்ளையைத் தோட்டத்தில் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. அந்த வீட்டுக்கு எதிரிலேயே ஒரு சீனப் பள்ளிக்கூடம் இருந்தது. ஏழு வயதில் அங்கேயே சேர்த்துவிட்டார். வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு சீனப் பெயர் வைத்தார்கள். அது தன் பெயர் என்பதே அவருக்குப் புரியாததால், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு கட்டி, சிகாமட்டில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் தமிழர். "பாப்பா, ஒம் பேரு என்ன?" என்று கேட்டாராம். இவர் தன் பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர், குடியிருந்த லயத்து நாயின் பெயர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாராம்.

"அதுக்கப்புறம் அஞ்சாம் வகுப்புல இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளைய ரெஸ்ட் நேரத்துல எங்கிட்ட அனுப்புவாங்க. காலையிலேருந்து என்ன நடந்துச்சுன்னு அது பத்து நிமிஷத்துல தமிழ்ல சொல்லும். அந்தப் பத்து நிமிஷந்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அதனால என் வகுப்புல தமிழ் உண்டு. யாருக்கும் காது டெஸ்ட் வேண்டாம்" என்றார் டீச்சர்.

கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற கதைகளை நான் நம்புவதில்லை. இருபது வயதில் இப்படித்தான் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் கதை கேட்டு, எந்தக் கம்பெனியும் சீண்டாத ஒரு சான்றிதழோடு வீடு வந்தேன்.

அவர் சொல்லிக் கொடுத்த விதம் இப்படி. புதுப் பாடம் தொடங்கும்போது புத்தகத்தைத் திறக்க மாட்டார். "நம்ம வீட்டுல இத எப்படி?" என்று கேட்பார். வலியைப் பற்றிய பாடம் என்றால், வீட்டில் பெரியவர்கள் வலியை எப்படிச் சொல்வார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுருக் சுருக், விண் விண், கடுக்குது, கொடையுது என்று தமிழில் ஒரு சந்தையே நடக்கும். பிறகு, "சரி, அவங்க வீட்டுல எப்படின்னா..." என்று மாண்டரினுக்குப் போவார். எண்கள் பாடத்தின்போது, வார்டில் வேலை செய்யும் செல்லம் அக்கா எட்டாம் நம்பர் கட்டிலைப் பற்றிப் பேச்செடுத்தார். நம் ஆட்கள் எட்டு என்றாலே சனியன் என்று முகம் சுளிப்பார்கள். "அவங்களுக்கு எட்டு வேணும். நாலாம் நம்பர் கட்டில்தான் வேண்டாம். அந்தச் சத்தம் சாவு மாதிரி இருக்கும். இனிமே நம்மாளுக்கும் அவங்களுக்கும் கட்டில மாத்திக் குடுத்துடுங்க, ரெண்டு பேரும் நிம்மதியா தூங்குவாங்க" என்றார் டீச்சர். செல்லம் அக்காவுக்கு நான்கும் எட்டும் அன்றைக்கு மனதில் பதிந்ததுதான், பிறகு மறக்கவே இல்லை.

நானும் கற்றுக்கொண்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிலையத்தின் விளம்பரத் தாளில் "வகுப்பு முழுவதும் மாண்டரினில்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இவரோ பாதி நேரம் தமிழில் பேசுகிறார். தெரியாததை மறைக்கத்தான் தமிழோ என்று ஒரு எண்ணம் எனக்குள் புகுந்தது. அந்தச் சமயத்தில்தான் கவுண்டரில் ஒரு சீனத் தாத்தாவிடம், அவர் கற்றுக் கொடுத்த மாதிரியே, எங்கே வலிக்கிறது என்று மாண்டரினில் கேட்டேன். தாத்தா சிரித்தார். ஏன் சிரித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

பிறகு மாதிரிப் பரீட்சை. எல்லாரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். டீச்சர் செல்லம் அக்காவின் காதருகே குனிந்து தமிழில் ஏதோ சொன்னார். உடனே அக்கா விறுவிறுவென்று எழுதத் தொடங்கினார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நான் மாங்கு மாங்கென்று படித்துவிட்டு வருகிறேன், இங்கே விடையைக் காதில் ஓதுகிறார்களா?

வீட்டுக்கு வந்ததும் மிஸ்டர் டியோவின் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதினேன். டீச்சர் பாதி வகுப்பைத் தமிழில் நடத்துகிறார், அவருக்கு மாண்டரின் முழுசாக வராதோ என்று சந்தேகமாக இருக்கிறது, பரீட்சை நேரத்திலும் சிலருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார், என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம். அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். நல்ல காரியம் செய்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த செவ்வாய் வகுப்பின் மூலையில் ஒரு கேமரா இருந்தது. கரும்பலகைக்கு மேலே, மாண்டரின் மட்டும் என்று சிவப்பில் ஒரு அட்டை. டீச்சர் உள்ளே வந்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார், ஒருவர் ஒருவராக, ஒன்பது பேரையும். நான் என் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மாண்டரினில் வணக்கம் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினார். அதன் பிறகு ஆறு வாரம் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை.

அந்த ஆறு வாரத்தில் ஒன்று எனக்கு உறைத்தது. அவருக்கு மாண்டரின் வரும். தண்ணீர் பட்ட பாடாக வரும். எங்களுக்குத்தான் எதுவும் வரவில்லை. செல்லம் அக்கா மறுபடி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பேந்தப் பேந்த விழித்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் கேள்வி கேட்கும் அளவுக்கு மாண்டரின் எங்களிடம் இல்லை. டீச்சர் படம் போட்டார், நடித்துக் காட்டினார், வியர்த்துப்போனார்.

ஒன்பதாவது பாடம் துக்க வீட்டுக்குப் போவது. பலகையில் ஒரு வீடு வரைந்தார், வாசலில் வெள்ளைத் துணி வரைந்தார். எங்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தவர், கேமராவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். என்ன கேட்க வந்தார் என்று எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும். நம்ம வீட்டுல இத எப்படி? அதைக் கேட்காமலேயே புத்தகத்தைத் திறந்தார். செய்தி கேட்டு வருந்தினேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று வரிகளை வாசித்தார். நாங்கள் திருப்பிச் சொன்னோம். கடைசியில், நான் கிளம்புகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி இருந்தது. அதையும் சொன்னோம். அது எங்கள் யார் மனதிலும் ஒட்டவில்லை.

இதற்கிடையில் யார் போட்டுக் கொடுத்தது என்ற பேச்சு வகுப்பில் புகைந்துகொண்டே இருந்தது. எல்லாருடைய கண்ணும் கனகராஜ் அண்ணன்மேல் போனது. அவர் மிஸ்டர் டியோவின் அம்மாவை வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் பலமுறை ஏற்றி இறக்கியவர். அந்தக் குடும்பத்தோடு பழக்கம். "அவருதான் லா. வேற யாரு போய்ச் சொல்லப் போறா?" என்றார்கள். கேன்டீனில் அவர் மேசையில் உட்கார ஆளில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வாரங்களில் ஒரு நாள் கவுண்டருக்கு ஒரு சீனப் பெண்மணி வந்தார். அடையாள அட்டையில் சாஆ முகவரி, வயது ஐம்பத்து நான்கு. எனக்குச் சந்தேகம் சும்மா இருக்குமா? கெர்ட்ரூட் என்று ஒரு இந்தியப் பெண் உங்களோடு சீனப் பள்ளியில் படித்தாரா என்று மலாயில் கேட்டேன். பெயரைக் கேட்டு அவர் விழித்தார். பிறகு, "அட, காது கேக்காத பிள்ளை!" என்று கவுண்டரைத் தட்டிச் சிரித்தார். ஆறாம் வகுப்பில் அந்தப் பிள்ளைதான் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதாம். அதைச் சொல்லிச் சொல்லியே இந்தப் பெண்மணியை அவருடைய அம்மா ஒரு வருடம் திட்டினாராம்.

ஆக, கதை உண்மை. புகார் பொய். அன்றைக்கே மிஸ்டர் டியோவுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பரீட்சை முடியட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தேகப்படுவதில் இருந்த சுறுசுறுப்பு, தப்பை ஒப்புக்கொள்வதில் எனக்கு இல்லை.

வாய்மொழிப் பரீட்சைக்கு ஒருவர் ஒருவராக ஒரு சின்ன அறைக்குள் போக வேண்டும். காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர். அதில் ஒரு குரல் பேசும், பிறகு ஒரு மணிச் சத்தம், நாம் முப்பது விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். பதிவு கோலாலம்பூருக்குப் போகும், அங்கே மதிப்பெண் போடுவார்கள். எங்களுக்கு விழுந்தது துக்க வீடு. அம்மாவை இழந்த ஒரு பெண்ணின் குரல், லேசாக அழுதுகொண்டே பேசியது. ஐந்து இடத்தில் பதில் சொல்லிவிட்டேன். ஆறாவதில் அந்தப் பெண், வந்ததற்கு நன்றி, இருட்டப் போகிறது, பார்த்துப் போங்கள் என்றாள். மணி அடித்தது. எனக்கு வாய் வரவில்லை. முப்பது விநாடியும் அப்படியே போனது. எனக்கு மட்டும்தான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மிஸ்டர் டியோ எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, மலாயில், "கேள்வித்தாளை உங்களுக்கு யார் கொடுத்தது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்து கேள்விக்கும் ஒன்பது பேரும் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறோம். ஆறாவதில் ஒன்பது பேரும் மௌனம். ஒன்பது பதிவையும் அவரே கேட்டுப் பார்த்தாராம். செல்லம் அக்காவின் பதிவில் மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் இருந்ததாம். யாரோ விடைகளை எழுதிக் கொடுத்து, அந்தத் தாள் ஐந்தாவதோடு முடிந்துவிட்டால்தான் இப்படி நடக்கும் என்றார். கோலாலம்பூரிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். டீச்சர்தான் கொடுத்தார் என்று எழுதிவிடப் போகிறார். அப்படி எழுதினால் எங்கள் சான்றிதழ் போகும், கெர்ட்ரூட் டீச்சர் இனி எங்கேயும் மாண்டரின் சொல்லிக் கொடுக்க முடியாது.

"நீதான் முன்கூட்டியே எச்சரித்தாய். தமிழில் விடை சொல்லிக் கொடுக்கிறார் என்று எழுதினாயே. நன்றி" என்றார்.

நன்றி. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் சிங்கப்பூரில் மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் சேர்ந்து, இருபத்தைந்து வருடம் அங்கே இருந்தவர். சீனாவிலிருந்து வந்த பெண்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் ஆளாகவே ஆகிவிட்டவர். கணவர் மரியநாதனுக்குப் பக்கவாதம் வந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டுக் குளுவாங்கோடு இருந்துவிட்டார். கணவரைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிற வேலை இந்த வகுப்பு ஒன்றுதான். இது அவருக்குச் சாப்பாடு. அதைவிட, வாரத்தில் இரண்டு நாள் அவர் அவராக இருக்கிற நேரமும் இதுதான்.

இவ்வளவு தெரிந்தும் என் புத்தி எங்கே போனது என்றால், மற்ற எட்டுப் பேருக்கும் தாள் கிடைத்திருக்கிறது, எனக்கு மட்டும் கொடுக்கவில்லை என்று போனது. புகார் எழுதியது நான் என்று கண்டுபிடித்து என்னை ஒதுக்கிவிட்டார்களோ? ஒரு நாள் முழுக்க இதையே போட்டு உருட்டினேன். மறுநாள் கேன்டீனில் செல்லம் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. அந்தத் தாள உங்களுக்கு யாரு குடுத்தா?"

"என்ன தாளு? நீயும் டியோ மாதிரி கேக்கற? எனக்கு எழுத்தே பாதி தெரியாது, தாள வச்சு என்ன பண்றது?"

"அப்ப ஆறாவதுக்கு ஏன் பேசல?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எழவு வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லுவாங்களா? அலமாக், என்ன பொண்ணு நீ. அந்தம்மா அழுவுது. வர்றப்ப எதுவும் சொல்லாம எந்திரிச்சு வந்துடணும். நானும் பேசாம எந்திரிச்சுட்டேன்."

என் வாயை அடைத்ததும் அதுதான். விடைபெறும் சொல்லாக டீச்சர் முதல் மாதமே எங்களுக்குக் கொடுத்தது, மறுபடி பார்ப்போம் என்ற பொருள் உள்ள சொல். அதைத் துக்க வீட்டில் யார் சொல்வார்? மறுபடி இதே மாதிரி வருகிறேன் என்றா? நானும் அந்த முப்பது விநாடி கம்ப்யூட்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"சரிக்கா, மாதிரிப் பரீட்சையில டீச்சர் உங்க காதுல என்னமோ சொன்னாங்களே?"

"கண்ணாடியப் போடுங்கக்கான்னாங்க. பையில வச்சுட்டுத் தடவிக்கிட்டு இருந்தேன். ஏன் கேக்கற?"

எட்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கனகராஜ் அண்ணனின் மேசைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

"அண்ணே, ஆறாவது கேள்விக்கு நீங்க ஏன் பேசல?"

"ஏன், டியோகிட்டப் போய்ச் சொல்லவா?"

"சொல்லணும்ணே. அதுக்குத்தான் கேக்கறேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார். "இருபது வருஷமா வீட்டுக்கு வீடு பொணத்தக் கொண்டுபோய் எறக்கறேன். ஒரு வீட்டுலயும் சொல்லிட்டு வந்ததில்ல. மெஷின்ல கேட்டா மட்டும் சொல்லிடுவேனா?"

மற்ற ஆறு பேரையும் கேட்டேன். வேறு வேறு வார்த்தை, ஒரே காரணம்.

அன்றைக்குச் சாயங்காலம் நிலையத்துக்குப் போனபோது, டீச்சர் அங்கே இருந்தார். புத்தகங்களையும் அறைச் சாவியையும் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். ஒரு பைக்குள் அவருடைய தண்ணீர்ப் போத்தலும் பலகை துடைக்கும் துணியும் இருந்தன. அவர் முன்னால் பேச எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் இப்போது விட்டால் இனி முடியாது. மலாயில் மிஸ்டர் டியோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் தாள் கொடுக்கவில்லை. துக்க வீட்டில் நாங்கள் விடைபெறுவதில்லை. பாடம் நடத்தும்போது, நம்ம வீட்டுல எப்படி என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்க விட்டிருந்தால், இது அன்றைக்கே வெளியே வந்திருக்கும். இந்த இடத்தில் இதைச் சொல்லுங்கள் என்று டீச்சரும் சொல்லியிருப்பார்.

மிஸ்டர் டியோ பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா இறந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கனகராஜ் அண்ணன்தான் உடலை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றார் மெதுவாக. "என் அம்மாவுக்கு வந்தவர்கள் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. சொல்லாமல்தான் போக வேண்டும்." பேனாவை மேசையில் வைத்தார். "ஒன்பது தடவை கேட்டேன். எனக்கு இது தோன்றவே இல்லை."

ஒன்பது தடவையும் அவர் திருடனைத் தேடிக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாதா அந்தக் கேட்பு.

கோலாலம்பூருக்கு எழுதுகிறேன், அந்த ஒரு கேள்வியை நீக்கச் சொல்கிறேன் என்றார். டீச்சர் பக்கம் திரும்பி மாண்டரினில் மன்னிப்புக் கேட்டார். அது எனக்கே புரிந்தது. பிறகு ஏதோ குழம்பின மாதிரி என்னைப் பார்த்து மலாயில், "ஆனால் தமிழால்தான் எல்லாக் கோளாறும் என்று நீதானே எழுதினாய்?" என்று கேட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே புரியவில்லை. கைப்பேசியை எடுத்து அந்தச் செய்தியை மேசைமேல் வைத்தார். என் பெயரோடு, என் புகைப்படத்தோடு.

டீச்சர் குனிந்து அதை வாசித்தார். முழுவதும் வாசித்தார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மன்னிச்சிடுங்க டீச்சர் என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கனகராஜ்கிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவர் சாவியை மறுபடி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் கனகராஜ் அண்ணனிடம் சொன்னேன், எல்லார் முன்னாலும். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எட்டு வாரம், ரூபினி" என்றார். அவர் மேசையில் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள். என் மேசையில் கொஞ்ச நாள் யாரும் உட்காரவில்லை. அது நியாயம்தான்.

ஒன்பது பேரும் தேறிவிட்டோம். கேமராவையும் சிவப்பு அட்டையையும் எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நிலை வகுப்பு தொடங்கிவிட்டது, அதே டீச்சர், அதே கேள்வி. நம்ம வீட்டுல இத எப்படி? செல்லம் அக்கா சொல்வார், கனகராஜ் அண்ணன் சொல்வார், வகுப்பு கலகலக்கும். என் முறை வரும்போது டீச்சர் என் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, மாண்டரினில் கேட்பார். நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி, எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பார். ஆனால் மாண்டரினில் மட்டும். படிக்கட்டில் பார்த்தாலும் அப்படித்தான். கவுண்டருக்குக் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோதும் அப்படித்தான்.

போன மாதம் செல்லம் அக்காவின் மகள் கல்யாணம். பந்தியில் எல்லாரும் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என் இலைக்கு எதிரே வந்து நின்று, சாப்பிட்டீர்களா என்று மாண்டரினில் கேட்டார். சாப்பிட்டேன் என்று மாண்டரினில் சொன்னேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "பாயசம் வாங்கிக்கிட்டீங்களா?" என்று கேட்டபடி நகர்ந்தார்.

வகுப்பில் இப்போது நான்தான் முதல். அவர் என்னைத் தண்டிக்கிறாரா, இல்லை நான் எழுதிக் கேட்டதை மனசாரக் கொடுக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இதையும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அவரிடமே கேட்டுவிடலாம். தமிழில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாண்டரினில் கேட்க இன்னும் தெரியவில்லை.